கடல் வராத புதுக் கருவி

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டமான சேஸிஸ் மட்டும்தான் வரும். பழைய பாடியைக்கூட வெட்டி ஒட்டிப் புதுச் சேஸிஸில் ஏற்றிவிடுவோம்.

அந்தப் பழக்கத்தில்தான் ஏமாந்தேன். வீட்டில் கேம் கன்சோலும், அதோடு கண்ணில் மாட்டும் விஆர் கருவியும் இருந்தன. முட்டிவலியால் வெளியே போக முடியாத என் மனைவி, மாலையில் அதை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்ப்பாள். அதே கம்பெனி அந்தக் கருவியில் புது மாடல் விட்டதும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். கடல் கேமின் டிஸ்க் கையில் இருக்கிறதே என்ற தைரியம்.

கடல் வரவில்லை. கடைக்காரரிடம் ஓடினேன்.

"பழைய கேம் இதுல ஓடாதுங்க. கம்பெனி புதுசா விட்டாத்தானுங்க உண்டு."

கம்பெனி விட்டதோ கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும்தான். பிறகு அதுவும் நின்றுபோனது. விற்றதோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. காத்திருந்து எனக்கும் அலுத்துவிட்டது.

இப்போதெல்லாம் புதியதைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் பழையதைக் கொடுப்பதில்லை. போன வாரம் மிக்ஸி மாற்றப் போனபோதுகூட, பழைய ஜாரைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்தேன். பொருந்தியது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

"சட்னிக்குப் பார்த்தீங்க, சரி. என் கடலுக்குப் பார்க்கலீங்களே" என்றாள்.