கரைத்தலைக் கயிறு

இன்றைக்கும் மடவை மீன் ஆயும்போது என் கை தானாக இடது கன்னத்துக்குப் போகும். மருமகள் என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். நாலு பேர் முன்னால் வாய் வராத ஆள் நான். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

மணமேல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி எங்கள் ஊர். வெயில்காலம் ஓய்ந்து வருகிற ஆனி மாதத்தில் கச்சான் காற்று கிளம்பிவிடும். தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. பாய் விரித்துப் போன வள்ளம் கரை திரும்பப் படாத பாடு படும். அதனால் அந்த நாட்களில் ஆழத்துக்குப் போகாமல், கரையோரத்திலேயே ஓலைக்கயிறு இழுப்பார்கள். ஒரு நீளக் கயிறு நெடுகப் பனையோலைக் கீற்றுகளைத் தொங்கவிட்டு, காலையில் காற்று எழும்புமுன் கடலை வளைப்பது. இளவெயில் சாய்ந்து விழ, ஓலை நிழல் தண்ணீருக்குள் ஆடும். அதற்கு மிரண்டு மீனெல்லாம் கரைப்பக்கம் ஒதுங்கும். வளையத்தைச் சுருக்கிச் சுருக்கி மடிவலைக்குள் ஏற்றிவிடுவார்கள். ஆனால் எல்லா நாளும் வாய்க்காது. தண்ணீர் கலங்கியிருந்தால் நிழல் தெரியாது. ஏறின தண்ணீர் வற்ற ஆரம்பிக்கிற நேரமாகவும் பார்க்க வேண்டும். பாசிக்குள் மேய வந்த மீன் அப்போதுதான் வெளியே கிளம்பும்.

கயிற்றில் கை வைத்த வீட்டுக்குப் பங்கு உண்டு, கை வைக்காத வீட்டுக்குக் கிடையாது. இதுதான் ஊர் வழக்கம். பெரிய பொம்பளைகள் கயிற்றைத் தொடுவதில்லை. சின்னப்பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எனக்கு ஏழு வயசு இருக்கும், அந்த வருஷம் அப்பாவின் பாதத்தில் திருக்கை முள் ஏறிவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஊன்ற முடியாமல் கிடந்தார். கயிறு இழுக்க எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை. பானையில் கேப்பைக் கூழ் தண்ணீராகிக்கொண்டே வந்தது. அம்மாவின் அண்ணன்தான் கயிறு கூட்டத்துக்குத் தலைவர். மாமா ஒருநாள் ஒரு ஓலைக் கொட்டான் நிறைய மீன் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அம்மா அதை எடுக்கவில்லை.

"என் வீட்டு ஆளு கை வைக்காத கயித்து மீனு எனக்கு எதுக்குண்ணே? அவரு எந்திரிக்கட்டும்."

"அண்ணன் குடுத்தா வாங்கக் கூடாதா?"

"அண்ணன் வீட்டுலயும் பிள்ளைக இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்த என்மேல் அவர் கண் விழுந்தது.

"இவ பேசுவாளா மாட்டாளா?"

"அவளா? கூப்பிட்டாலே அழுவா."

"அப்ப இவதான் வேணும்" என்றார் மாமா. "கரைத்தலை பிடிக்க ஆளில்லாம திண்டாடுறேன். வாயாடிப் பிள்ளைக அந்த வேலைக்கு ஆகாது. சத்தம் கேட்டா மடவை பூரா ஓடிப்போயிரும். காலையில அனுப்பி வையி."

ஊமைச்சி, தொட்டாச்சிணுங்கி என்று கேட்டே வளர்ந்தவள் நான். பேசாமல் இருப்பது ஒரு வேலைக்கு ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிரவு பசிகூடத் தெரியவில்லை.

கரைத்தலை என்பது கயிற்றின் கரைப்பக்கத்து முனை. மறுமுனையை ஆண்கள் மார்பளவு தண்ணீரில் இழுத்துப்போய் வளைத்துக்கொண்டு வருவார்கள். அதுவரை இந்த முனை அசையக் கூடாது. மணலில் பனங்கட்டையில் ஒரு பெரிய முளை அடித்து மாமா அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முளைக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில் என்னை நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

"தொய்ய விட்டே, அம்புட்டு மீனும் போச்சு. பாத்துக்க ஆத்தா."

கூட்டத்தில் ஒருவர், "என்ன மச்சான், மருமகளை ஆட்டுக்குட்டி மாதிரி முளையில கட்டிப்புட்டீக?" என்றார்.

"உன்னைக் கட்டுனா முளையவும் பிடுங்கிட்டுப் போயிருவே. வாயை மூடிக்கிட்டு நட" என்றார் மாமா.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். கயிற்றின் சிலாம்பு உள்ளங்கையில் ஏறியது, விடவில்லை. வளையம் நெருங்க நெருங்கத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆயிற்று. மடவை துள்ளித் தாண்டுகிற ஜாதி. ஒன்று வெள்ளியாய் எழும்பி, என் கன்னத்தில் பளாரென்று அறைந்துவிட்டு விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது. நான் கத்தவில்லை. கயிற்றையும் விடவில்லை.

மீன் மடிவலைக்குள் ஏறினதும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல், "பாத்தீகளா? இதான் கரைத்தலைக்காரி" என்றார்.

பங்கு பிரிக்கும்போது அம்மா வந்தாள். முளையைப் பார்த்தாள். அதில் கிடந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு என் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"ஒழுங்காப் பிடிச்சாளாண்ணே?"

"அவ பிடிச்ச பிடியிலதான் இன்னிக்கி இம்புட்டு மீனு."

அம்மா என் விரல்களை மடக்கிவிட்டாள். அப்புறம் முந்தானையை விரித்து, அப்பா பங்கு எவ்வளவோ அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் விடியுமுன் என்னை எழுப்பித் தலைவாரி, உள்ளங்கையில் வேப்பெண்ணெய் தடவி அவளே அனுப்பிவைத்தாள்.

அந்த முளையில் ஒரு காளையைக் கட்டினாலும் அசையாது என்பது நான் பெரியவளான பிறகுதான் உறைத்தது. அப்போது மாமா இல்லை. இருந்திருந்தாலும் அவர் முன்னால் எனக்கு வார்த்தை வந்திருக்காது. ஆனால் அந்த மீனைத் தின்று வளர்ந்த உடம்பு இது. அன்றைக்குக் கிடைத்த கொஞ்சத் தைரியத்தில்தான் பிறகு ஒரு குடும்பத்தையே நடத்தினேன்.

அந்த வருஷம் ஆடி பிறந்து அப்பா காலை ஊன்றினார். மறுபடி கயிற்றுக்குப் போகத் தொடங்கினார். என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எனக்கோ மனசு அடித்துக்கொண்டது. ஊர் மீனெல்லாம் தப்பித்துப் போகுமே என்று பயம். அப்பா கிளம்பும்போது ஓடிப்போய் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "இனிமே கரைத்தலையை யாருப்பா பிடிப்பா?" என்று கேட்டேன்.

"அதான் முளை இருக்குல்ல?" என்றார் அப்பா.

பாவம், இத்தனை நாள் படுக்கையில் கிடந்ததில் அப்பாவுக்குத் தொழிலே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.