ரேடியோவுக்கு வைக்கோல் போட்ட மாமா

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ரேடியோவுக்கு வைக்கோல் போட்டு வளர்த்த ஒரே ஆள் என் மாமாதான். ஊரே அப்படித்தான் கேலி பேசியது. பேசட்டுமே! இன்றைக்கும் அவரை யாராவது கிறுக்கன் என்றால் நான் சண்டைக்குப் போவேன். அவ்வளவு பிடிக்கும் எனக்கு அவரை.

அத்தைக்குப் பாட்டென்றால் உயிர். நடவு வயலில் அத்தை எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்து எழுந்தாள். அதோடு பாடுவதை விட்டுவிட்டாள். அவளை மறுபடி பாடவைத்துவிட வேண்டும் என்றுதான் மாமா கடலை விற்ற கையோடு காஞ்சிபுரம் போய், ஒரு ரேடியோவைப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

நெல் மூட்டை போடுகிற அறையைக் காலிசெய்து அதை வைத்தார். அத்தை கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இன்னாய்யா இது, பானைக்குள்ள தலய வுட்டுக்கினு பேசற மாரி கீது. ஒண்ணும் வெளங்கல."

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. நேரே டூரிங் கொட்டகையில் படம் ஓட்டுகிறவரிடம் ஓடினார். "வெறும் செவுரு, காலி ரூமு, எதிரொலிக்காம இன்னா பண்ணும்? சாக்கு மாட்டு," என்று அவர் சொல்லிவிட்டார். போதாதா!

கடலைத்தோலை அடைத்துத் தைத்த சாக்குகள் சுவரெல்லாம் தொங்கின. மேலே கோரைப்பாய். ஜன்னலில் வைக்கோல். ஒவ்வொரு சாக்கு மாட்டியதும் நான் அறைக்கு நடுவில் நின்று கைதட்ட வேண்டும். மாமா மூலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னும் கீதுடி," என்று அடுத்த சாக்கை எடுப்பார். என் உள்ளங்கை சிவந்துபோகும்.

தோலோடு தோலாகப் பருப்பும் போயிருந்ததை யார் கண்டார்கள்? சுவர் முழுக்க எலி குடியேறிவிட்டது. ஜன்னல் வைக்கோலை வெளியே நின்ற கன்றுக்குட்டி ஒரே காலையில் தின்று தீர்த்தது. "அடிப்பாவி, பாட்டயே துன்னுட்டியே!" என்று மாமா அதைத் துரத்திய துரத்தலில் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் ஒருநாள் கைதட்டினால் 'டப்' என்று அதோடு செத்தது சத்தம். மாமா ஓடிப்போய் அத்தையைக் கூட்டிவந்து உட்காரவைத்து ரேடியோவைப் போட்டார். அத்தை ரேடியோவைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தையே பார்த்தாள்.

"இப்பதான்யா நல்லா கேக்குது."

மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று முதல் மத்தியான வேலை முடிந்ததும் அத்தை அந்த அறையில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவாள்.

அப்படி ஒரு மத்தியானம் பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. ரேடியோவின் முகத்தில் எரிந்த விளக்கு அணைந்தது. சாக்குக்குள் எலி கடிப்பதுகூடக் கேட்டது. அத்தையின் கை மட்டும் தாளத்தை விடவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அத்தே, கரண்டு..." என்று ஆரம்பித்தேன். மாமா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். கையெல்லாம் சாக்கு நாற்றம். அத்தையின் கை தானாக ஓயும்வரை அவர் அசையவில்லை.

கண்ணைத் திறந்து அவள் சிரித்தாள். "நல்ல பாட்டுல்ல?"

மாமா அவளுக்கு நேர் எதிரில் போய் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொன்னார். "ஆமா, நல்ல பாட்டு."

மறுநாள் காலையில் பார்த்தால் மாமா இன்னொரு சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். அத்தை மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அதான் நல்லா கேக்குதுன்னு அத்தையே சொல்லிச்சே, இன்னும் எதுக்கு மாமா?" என்றேன்.

"நீ போய் கை தட்டுடி," என்றார்.

நன்றாகக் கேட்கிற அறைக்கு எதற்கு இன்னொரு சாக்கு என்று அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை. கை வலிக்கிற கோபத்தில் ஓங்கித் தட்டினேன். அத்தை என் கையைப் பார்த்துவிட்டு, "இப்ப இன்னும் நல்லா கீது," என்றாள்.