வடிகட்டியில் தங்காத நீர்

பண்ணையில் அவளை முத்துக்காரி என்றுதான் அழைப்பார்கள். ஊசி போட்டுப் பல முட்டைகள் விளையச் செய்து சினைப்படுத்திய பசுவின் கருப்பையை ஏழாம் நாள் மருந்து நீரால் அலசி, அந்நீரோடு வெளிவரும் கருக்களை உருப்பெருக்கியில் தேடி எடுப்பது அவளுடைய வேலை. தேறியவை வேறு பசுக்களின் வயிற்றில் வளரப் போய்விடும். பதினெட்டு ஆண்டுகளாக அதே முக்காலி. கண்ணை வைத்துவிட்டால் அறை கரைந்து போகும்; சுவர்க்கடிகாரம் எங்கோ தொலைவில் சொட்டும். ஒளிரும் குளமொன்றின் அடியில் அவள் நடந்துகொண்டிருப்பாள். தூசி, சளியிழை, மறுபடியும் தூசி. பிறகு, கண்ணாடித் தோலுக்குள் சுருண்ட மல்பெரிப் பழம் போல ஓர் உயிர்.

"ஏழு நாள் வயசுல யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கறதில்ல" என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள்.

பேருந்து ஓட்டும் அவர், "ஏழு மணி வண்டில ஏறிப் பாரு, அப்புறம் சொல்லு" என்றார்.

இரண்டு மாதங்களாகச் செவலைப் பசுவின் கருக்கள் மட்டும் சரியில்லை. கறுத்து, ஓரம் உதிர்ந்து, வளர்ச்சி பாதியில் நின்றவையாகவே வந்தன. பசுவோ கொழுகொழுவென்று இருந்தது, சீழுமில்லை, நாற்றமுமில்லை. ஆகவே பழி வேறு ஆளைத் தேடிப் புறப்பட்டது. மருத்துவர் கோபக்காரர் அல்லர். அதுதான் அவளுக்கு வலித்தது. கடைசியாக வரும் செவலையின் முறைக்குள் கண் சோர்ந்துவிடுகிறது என்றும், தேடி எடுக்கத் தாமதமானால் கரு கெட்டுவிடும் என்றும், ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு ஓய்வு தருவதில் தவறில்லை என்றும் மெல்லச் சொன்னார். இன்றைய அலசலும் பொய்த்தால் நாளை முதல் அவள் தீவன அறைக்குப் பொறுப்பாளி.

இன்று ஒன்பது கருக்கள் கிடைத்தன. ஏழு செத்திருந்தன.

அவள் உடனே எழவில்லை. தன் கண்ணைத் தானே நம்பாத நிலைக்கு வந்திருந்தாள். வடிகட்டி கருக்களைப் பிடித்துக்கொள்ளும்; கீழே இறங்கிய நீரைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுவதே வழக்கம். கொட்டுவதற்காகக் குடுவையைச் சாய்த்தபோது சன்னல் வெளிச்சத்தில் நீர் இலேசாகக் கலங்கித் தெரிந்தது, விடிகாலைப் பனி போல. கை நின்றது. முன்னதாக அலசிய வேறொரு பசுவின் நீரையும் அருகில் வைத்துவிட்டு உண்ணப் போனாள்.

திரும்பி வந்தபோது ஒன்று பளிங்காக இருந்தது. செவலையின் குடுவையில் மட்டும் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம். அதில் ஒரு சொட்டை உருப்பெருக்கியில் வைத்தாள். நோயை எதிர்க்கத் திரளும் வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடந்தன. நான்கைந்து நாள் கருக்குழாயில் பத்திரமாக மிதந்து, வீடென்று நம்பிக் கருப்பைக்குள் இறங்கியவை அந்தக் கருக்கள். உள்ளேயோ ஓசையில்லாத போர். கிருமிமீது அந்த அணுக்கள் கக்கும் நஞ்சுக்கு விருந்தாளி யார், பகைவன் யார் என்று தெரியாது.

மருத்துவர் வந்ததும் இரு குடுவைகளையும் நீட்டினாள்.

"டாக்டர், இதுக்கு உருப்பெருக்கியே வேண்டாம். வெறுங்கண்ணால பாருங்க."

அவர் நெடுநேரம் பார்த்தார். "இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு, அக்கா?"

"சாக்கடையில, டாக்டர்."

செவலைக்குக் கருப்பை அழற்சிக்கான சிகிச்சையும் இரண்டு சினைப்பருவ ஓய்வும் எழுதினார். தீவன அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எழுதி முடித்தவர், அந்தச் சொட்டையும் பார்த்துவிடலாமென்று முக்காலியில் அமர்ந்து, புருவத்தைச் சுருக்கினார்.

"ஒண்ணுமே தெரியலையேக்கா. ஒரே மங்கலா இருக்கு."

"குமிழை என் கண்ணுக்குத் தோதா திருப்பி வச்சிருக்கேன், டாக்டர்" என்றாள் அவள், மாற்றிக் கொடுக்கவில்லை. அவரே எழுந்து அவளுக்கு இடம் விட்டார்.