கிளிக்கு அவர் வைத்த பெயர்

அந்தக் கிளி போனதற்கு நான்தான் காரணம். குடம் நழுவியது, காக்கை துரத்தியது, நாத்தனார் ஊரில் இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆயிரம் சொன்னேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து அதன் பெயரைச் சொல்லியிருந்தால் அது இறங்கி என் தோளில் வந்து உட்கார்ந்திருக்கும். சொல்லவில்லை. இத்தனை வயசுக்கு அப்புறமும் அதை நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். திருச்சி சத்திரத்திலிருந்து முசிறிக்கும், முசிறியிலிருந்து சத்திரத்துக்குமாக நாளெல்லாம் ஓட்டம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவர், நான், அவருடைய அக்கா. அக்கா சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து தங்கிவிட்டவள். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. கோயில் வாசல் கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுப்பேன். கல்யாணமாகி நாலாம் வருஷம், ஐம்பதுகளின் நடுவில், ஒரு சாயங்காலம் டிக்கெட் பையோடு துண்டில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் இறகு முளைக்காத கிளிக்குஞ்சு. முசிறிப் பக்கம் காற்றில் சாய்ந்த தென்னையின் பொந்தில் கிடந்ததாம். பார்க்கச் சகிக்கவில்லை. இதைப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தீர்களே என்று முகத்தைச் சுளித்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டுக்கடலை மாவைக் கரைத்து விரல் நுனியால் ஊட்டி, ஒரு மாசத்தில் அதைக் கிளியாக்கிவிட்டார்.

கிளியானதும் அதற்குத் தன் பெயரையே வைத்தார். எல்லாம் என்னைச் சீண்டத்தான்.

எங்கள் வழக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாலி ஏறுவதற்கு முன்பே அம்மா எனக்குச் சொல்லிவைத்திருந்தாள். நான் அதில் படுகெட்டி. எங்கள் ஊர்ப் பெயரிலேயே அவர் பெயர் பாதி இருக்கிறது என்பதால் அந்த நாளில் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன். நான் அவருடைய பஸ்ஸில் ஏறிவிட்டால் போச்சு. எந்த ஊர் என்று சொன்னால்தான் டிக்கெட் என்று பையைத் தட்டிக்கொண்டு நிற்பார். நான் கோயிலுக்கு ஒன்று என்பேன். எந்தக் கோயில் என்பார். டிரைவர் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். அப்படிப்பட்ட ஆள் கிளியைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னத்தான் கூப்பிட மாட்ட, இதையாவது வாய் நிறையக் கூப்பிடு பார்ப்போம்” என்றார்.

நானா கூப்பிடுவேன். கிளியையும் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிட்டேன். “ஏங்க, மிளகா வேணுமா, வாங்க” என்பேன். கிளிக்கு மரியாதை கொடுக்கிற ஒரே பொம்பளை என்று தெருவே கேலி செய்தது. நாத்தனாருக்கு அந்தத் தடை கிடையாது. தம்பி பெயர்தானே, சத்தமாகக் கூப்பிடுவாள். கிளி எங்கே இருந்தாலும் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் தத்தித் தத்தி ஓடி வரும். அவர் கூப்பிட்டாலும் வரும். என் ‘ஏங்க’வுக்குத் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான்.

ஒரு வருஷத்தில் அவர் குரலை அப்படியே பிடித்துக்கொண்டது. கிளிக்குரல் இல்லை, அவர் குரல். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அந்தச் செருமலோடு. “ஏ புள்ள, சோறு ஆச்சா?” என்று கூடத்திலிருந்து கேட்கும். நான் அவர்தான் வந்துவிட்டார் என்று அடுப்படியிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இலையோடு வருவேன். கிளி கண்ணை உருட்டும். காலையில் அவர் பையை மாட்டினால், அவருக்கு முன்னால் அது “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ஒரு விசில் அடிக்கும்.

அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்றே நாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டார்கள். தூக்குகிற நேரம் பெண்கள் எல்லாம் ஓவென்று அழுகிறார்கள். உள்ளே கூண்டிலிருந்து செருமல் கேட்டது. “போயிட்டு வரேன்.” பாடையைத் தூக்கியவர்கள் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். நாத்தனார் மயங்கி விழுந்தாள். நான் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று அன்று பேசினார்கள், பேசட்டும். என் காதில் அவர் போயிட்டு வரேன் என்று சொல்லியிருக்கிறார். நான் எதற்கு அழ வேண்டும்.

பெரியவர்கள் கிளியை விட்டுவிடச் சொன்னார்கள். செத்தவன் குரல் வீட்டில் கேட்கக் கூடாதாம். சொன்னவர்களை வாய்க்கு வந்தபடி பேசி வாசலோடு அனுப்பினேன். அப்புறம் இரண்டு வருஷம். வெளியில் பொட்டில்லை, பூவில்லை. உள்ளே நான் சுமங்கலி மாதிரிதான் இருந்தேன், ஒளிப்பானேன். மத்தியானம் “சோறு ஆச்சா” என்று கேட்டால் ஆச்சுங்க என்பேன். குழம்பில் உப்புத் தூக்கலா என்று கிளியிடம் கேட்டிருக்கிறேன். நாத்தனார் இறகை வெட்டிவிடலாம், என்றைக்காவது பறந்துவிடும் என்று நச்சரித்தாள். அவர் ஒரு நாளும் வெட்டவிடவில்லை, நானும் விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தை வெள்ளிக்கிழமை. நாத்தனார் ஒரு கல்யாணத்துக்காகத் துறையூர் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் கொல்லையில் வைத்துக் கூண்டைக் கழுவுவேன். அதுவரை அது கிணற்றடியில் துணிக்கொடிமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு வெள்ளி தவறியதில்லை. அன்று என் இடுப்பிலிருந்து பித்தளைக் குடம் நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் கிளி விருட்டென்று எழும்பிப் பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அது அவ்வளவு உயரம் பறந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கும் பயம்தான். அங்கேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

“ஏங்க, வாங்க” என்றேன். தலையைச் சாய்த்தது. கோவைப்பழத்தைக் காட்டினேன், மிளகாயைக் காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொல்லைச் சுவரோரம் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கிளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். வேற்றுக் குரலுக்கு மிரண்டு அது இன்னும் இரண்டு ஓடு மேலே ஏறியது. “நீங்க கூப்பிடுங்க, உங்க குரலுக்குத்தான் வரும். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

எனக்கு வாய் வரவில்லை. சத்தியமாக முயன்றேன். முதல் எழுத்து வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பெயரைச் சொல்கிறாளே என்று வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அம்மா சொன்னது. ஆயுசு குறைந்துவிடும். நான் மறுபடி ‘ஏங்க, ஏங்க’ என்றுதான் கெஞ்சினேன். அதற்குள் நாலைந்து காக்கைகள் வந்து கொத்த ஆரம்பித்தன. கிளி அலறிக்கொண்டு எழும்பி, தென்னைகளுக்கு மேலே போய், கோயிலின் வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் மறைந்தது.

ஆயுசு குறைந்துவிடுமாம். யாருடைய ஆயுசு? மனுஷர் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இல்லாத ஆயுசுக்குக் காவல் இருந்து, இருந்த குரலைத் தொலைத்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு யாராவது செய்திருப்பார்களா, தெரியவில்லை.

வெள்ளைக் கோபுரத்தில் கிளிகள் ஒன்றா இரண்டா. பொம்மைக்குப் பொம்மை, பொந்துக்குப் பொந்து கிளி. பகலெல்லாம் வயக்காட்டில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். எல்லாம் ஒரே பச்சை, எல்லாவற்றுக்கும் சிவப்பு மூக்கு. அதில் என்னுடையதை எங்கே தேடுவேன். காலையில் தோப்புகளில் அலைந்தேன். கொள்ளிடக் கரைவரை போய் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். யாராவது இருமினால் ஓடினேன். ஒரு தோப்பில் தொண்டையைச் செருமியவர் தேங்காய் பறிக்க வந்த ஆள். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். சாயங்காலம் கோபுரத்தடியில், கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பேன். பூக்கட்டவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. மத்தியானம் வீட்டில் யாரும் சோறு ஆச்சா என்று கேட்கவில்லை. அந்த அமைதி இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஆச்சுங்க, ஆச்சுங்க என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை திரும்பினாள். விஷயத்தைக் கேட்டதும் பையை அப்படியே போட்டுவிட்டுக் கோபுரத்துக்கு ஓடினாள். மூன்று சாயங்காலம் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். எதுவும் இறங்கவில்லை. மனுஷர் வளர்த்த கிளியைக் காட்டுக் கிளிகள் கூட்டத்தில் சேர்க்காது, கொத்தியே கொன்றுவிடும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவள் என்னைப் பார்த்து, “ஒரு தடவ கூப்பிட்டிருக்கக் கூடாதா? எந்தம்பிய ரெண்டாந்தரமும் அனுப்பிட்டியே” என்றாள்.

அவரோடு வேலை பார்த்த டிரைவர் கேள்விப்பட்டு வந்தார். நல்ல மனுஷர். முசிறியிலிருந்தே ஒரு குஞ்சைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வளர்த்துப் பேசக் கற்றுக்கொடுங்கள், மனசு ஆறிவிடும் என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “யாரு குரலக் கத்துக்குடுக்கச் சொல்றீங்க?” என்று கேட்டேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

ஒன்பதாம் நாள்தான் அந்தப் பயங்கரம் புரிந்தது. கண்ணை மூடி அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. முகம் வருகிறது, சட்டைப் பையில் பென்சில் வருகிறது, சிரிக்கும்போது தெரிகிற பல் வருகிறது. குரல் வரவில்லை. கிளி சொன்ன நாலு வார்த்தைக்கு வெளியே அவர் ஆயிரம் பேசியிருப்பாரே, ராத்திரி எல்லாம் பேசியிருக்கிறோமே, அதில் ஒன்றையும் காணோம். இரண்டு வருஷமாக நான் கிளியையே கேட்டுக் கேட்டு, அசலை மறந்துபோயிருந்தேன். இப்போது கிளிக்குரலும் தேய ஆரம்பித்திருந்தது. நாளைக்கு இதுவும் இருக்காது.

தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடினேன். விளக்கு வைக்கிற நேரம். வெள்ளைக் கோபுர வாசலில் நல்ல கூட்டம். மேலே கிளிகள் கீச்சுக் கீச்சென்று இடம் பிடித்துக்கொண்டிருந்தன. நான் நடுத்தெருவில் நின்று, அண்ணாந்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

முதல் தடவை ஈனஸ்வரத்தில் வந்தது. இரண்டாம் தடவை கத்தினேன். அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாமல், மூன்றாவது, நாலாவது தடவை. பத்து வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்தப் பெயராக வந்தது.

மேலே எதுவும் அசையவில்லை. கீழே மூன்று ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர். அதில் ஒருவர், நெற்றியில் நாமம், கையில் துளசி, அப்பா வயசிருக்கும், பக்கத்தில் வந்தார். “என்னையாம்மா கூப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“இல்லீங்க. எங்க வீட்டுக்காரர” என்றேன்.

கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பதறிப்போய், எந்தப் பக்கம் போனார், நான் போய்ப் பார்த்துக் கூட்டிவரட்டுமா என்றார். அந்த முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்ததும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.

“அவரு செத்துப்போயிட்டாருங்க” என்றேன். அந்த வார்த்தையும் அன்றைக்குத்தான் முதல்முதலாக என் வாயிலிருந்து வந்தது.