கறுத்துப்போன அரைஞாண்

சந்தேகம் என் உடன்பிறப்பு. பால் பக்கற்றைக்கூட நாலு தடவை திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். அதனால், எங்கள் எட்டு மாதப் பிள்ளையின் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் ஒரே வாரத்தில் கரியாய்க் கறுத்தபோது, யாரைப் பிடிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அதைத் தாய்மாமன் சீராகப் போட்டவர் கம்பளையில் இருக்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

பிள்ளையின் கைகளில் நான் கண்டியில் வாங்கிப் போட்ட காப்புகளோ பளபளவென்று மின்னின. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

“எங்கண்ணன் அப்படிச் செய்யுமா?” என்று மனைவி அழுதாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. மச்சானுக்குப் போன் போட்டு, “தகரத்தப் போட்டு ஏமாத்திட்டீங்களே” என்று கேட்டே விட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான். அண்ணன் வராவிட்டால் காதுகுத்தே வேண்டாம் என்று சொன்ன மனைவி, அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

அவளுக்கு நிரூபித்துக் காட்டுவதற்காகவே அரைஞாணையும் காப்புகளையும் கழற்றிக்கொண்டு அக்குறணையில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கம்பளையில் கேட்டால் மச்சானுக்குத் தெரிந்தவர்கள் பூசி மெழுகிவிடுவார்கள் என்பது என் கணக்கு.

முதலாளி அரைஞாணைக் கல்லில் உரசி, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தார்.

“நல்ல வெள்ளி. புள்ளக்கி ஏதும் மருந்து பூசுறீங்களா?”

சொறிக்கு ஒரு மஞ்சள் களிம்பு பூசிக்கொண்டிருந்தோம். நாட்டு மருந்துக் கடையில் நானே வாங்கியது.

“அதில கந்தகம் இரிக்கி. வெள்ளியில கந்தகம் பட்டா கறுக்கத்தான் செய்யும். மெருகு போட்டா போயிரும்.”

விடுவேனா நான்? “அப்ப இந்தக் காப்பு கறுக்கலையே? இதுலயும் அதே மருந்துதானே பட்டுச்சு?”

காப்பையும் உரசிப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“இது வெள்ளியே இல்ல, எவர்சில்வர். இத கந்தகம் ஒண்டும் செய்யாது.”

வெட்கத்தில் காது சுட்டது. கடை வாசலில் நின்றபடியே மச்சானை அழைத்தேன். நான்காவது தடவைதான் எடுத்தார். காப்பு விஷயம் உட்பட எதையும் ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

“பிள்ளைக்காகவாவது காதுகுத்துக்கு வாங்க மச்சான்.”

அவர் சொன்னார்:

“வர்றேன். தோடு வாங்கியாச்சு. பில்லையும் கொண்டாறேன், பார்த்துட்டே போடுங்க.”