மட்டிக்கு இரண்டு காவல்

என் அம்மா செல்லக்கண்ணு சிங்கப்பூர் தேக்காவில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறார். யாராவது ஒரு புடவையைக் கையில் எடுத்துத் தயங்கினால், "நீங்க வச்சிட்டுப் போனா அடுத்து வர்றவங்க எடுத்துடுவாங்க" என்பார். விற்பதற்காகச் சொல்வதில்லை. உலகமே அப்படித்தான் என்று அவர் நம்புகிறார்.

லீவு நாளில் கடல் நன்றாக வற்றினால், புக்கிட் மேரா வீட்டிலிருந்து வாளியோடு சாங்கி கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார். ஈர மணலைக் கையால் கிளறி மட்டிச் சிப்பி எடுப்பார். மஞ்சள், மிளகாய், தேங்காய் போட்டு அவர் பிரட்டும் மட்டிக்கு ஒரே ரசிகர் என் மாமா குமரன். மாமாவின் பிறந்தநாளுக்குக் கேக் இல்லாவிட்டாலும் அக்கா கை மட்டி இருக்க வேண்டும். மாமா கல்யாணமாகித் தனி வீடு போன பிறகு, தம்பி மேல் அம்மாவுக்கு மிச்சமிருந்த உரிமை அது ஒன்றுதான்.

எடுத்த மட்டி ஒவ்வொன்றின் மேலும் அம்மா தண்ணீர் பாட்டில் மூடியை வைத்துப் பார்ப்பார். மூடிக்குள் மறைந்தால் அது இன்னும் முட்டை விடாத பொடிசு. அதே இடத்தில் திரும்பப் புதைத்துவிடுவார். மூடியை மீறி ஓரம் தெரிந்தால்தான் வாளிக்குள் போகும்.

மாமாவின் மனைவி வித்யா மாமிக்கு இந்த மூடிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததும் அம்மாதான். போன வருஷம் ஒருநாள் மாமி வீட்டில் விருந்து. குச்சியில் குத்திச் சுட்ட சத்தே இறைச்சியோடு, மிளகாய் அரைத்துப் பிரட்டிய மட்டி சம்பாலும் வைத்தார் மாமி. மாமா ஒரு மட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, உன்னோடத விடப் பெருசு லா."

அம்மா சிரித்தார். அதற்குப் பிறகு அவர் தட்டைத் தொடவில்லை. கிளம்பும்போது சத்தே குச்சிகளைக் கழுவிப் பைக்குள் வைத்தார்.

"எதுக்கு அண்ணி?" என்றார் மாமி.

"பூச்செடிக்கு முட்டுக் குடுக்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "அது நான் பொடிசுன்னு விட்ட மட்டி. வளர வளர அவ அள்ளிட்டுப் போறா."

அப்பா பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். "மட்டி மேல உன் பேர எழுதி விட்டியா?" என்று கேட்டுவிட்டு டிவி பார்த்தார்.

அடுத்த முறை கடல் வற்றியபோது நானும் போனேன். அம்மா பொடிசுகளைப் புதைக்கவில்லை. எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து, யாரும் போகாத கால்வாய் முகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கறுப்புச் சேறு. அதில் நெருக்க நெருக்கமாகப் புதைத்து, சுற்றிலும் சத்தே குச்சிகளை நட்டார். ஃபுட் கோர்ட் மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்போமே, அதுபோல.

"அம்மா, மட்டி மணல்ல வாழுறது, சேத்துல இல்ல. இவ்ளோ நெருக்கமா வச்சா சாப்பாடு பத்தாது."

"எக்ஸாம் முடிஞ்சதும் ப்ரொஃபசர் ஆயிட்டியா? நாம நெருக்கமா இல்லையா, நாலு பேர் ஒரு வீட்டுல?"

அந்த மாதம் முழுக்க மழை. கால்வாயில் உப்பில்லாத மழைத்தண்ணீர் புரண்டு ஓடியது. மாமாவின் பிறந்தநாளுக்கு முன் நாங்கள் போனபோது மாமி எங்களுக்கு முன்பே மணலில் குனிந்திருந்தார். அவர் வாளி காலி. பெரிசும் இல்லை, பொடிசும் இல்லை. அம்மா மெதுவாகக் கால்வாய்ப் பக்கம் நகர்ந்தார். மாமியும் பின்னாலேயே வந்தார்.

நாற்றம் முதலில் வந்தது. குச்சிகளுக்கு நடுவே அத்தனை மட்டியும் வாய் பிளந்து கிடந்தன.

மாமி ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார். "பூச்செடிக்குன்னு சொன்னீங்க."

அம்மா அந்தக் குச்சியை அவர் கையிலிருந்து வாங்கினார். பிறகு, "மணல்ல விட்டா நீ எடுத்துடுவே" என்றார்.

"நீங்க எடுத்துடுவீங்கன்னுதான் நானும் போன தடவ மூடி வச்சுப் பாக்கல. பொடிசையும் சேத்து அள்ளிட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றார் அம்மா. அவர் குரலில் ஏதோ ஒரு நிம்மதி இருந்தது.

பிறந்தநாளுக்கு இருவருமே கடையில் ஐஸ் மட்டி வாங்கிச் சமைத்தார்கள். மாமா இரண்டு தட்டிலும் ஒவ்வொன்று எடுத்து மென்றார். பிறகு கேட்டார்: "கேக் இருக்கா?"

அன்று சமையலறையில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பொடிசு திரும்பி வந்து வளரும்வரை யாரும் மணலில் கை வைப்பதில்லை. பெரிய மனசு என்று நான் நினைத்தேன். அடுத்து கடல் வற்றிய நாளில் அம்மா வாளி இல்லாமல் கிளம்பினார். "சும்மா, காத்து வாங்க" என்றார். நானும் கூடப் போனேன். அங்கே வித்யா மாமி ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் வாளி இல்லை.

"என்ன அண்ணி, இந்தப் பக்கம்?"

"நீ என்ன இந்தப் பக்கம்?"

இருவரும் ஒரே கட்டையில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறும்வரை ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கடல் வற்றும் எந்த நாளையும் அவர்கள் தவறவிட்டதில்லை. ஒருவர் வரமுடியாது என்று சொன்னால், அதை நம்பாமல் மற்றவர் கட்டாயம் வருவார்.

போன வாரம் அம்மா கால் விரலால் மணலைக் கிளறினார். வரிவரியான ஓட்டோடு ஒரு மட்டி மேலே வந்தது. அம்மா பையிலிருந்து மூடியை எடுத்து அதன் மேல் வைத்தார். ஒரு மயிரிழை ஓரம் வெளியே தெரிந்தது.

மாமி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மாமாவின் அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

"நீ எடுக்கப் போறியா?" என்றார் அம்மா.

"நீங்க?"

அம்மா அதைத் திரும்ப மணலுக்குள் அழுத்தி மூடினார். கையைக் கழுவப் போனவர், பாதி வழியில் நின்று, மாமி அந்த இடத்தைவிட்டு நகரும்வரை காத்திருந்தார்.