ஓட்டை போட்ட ஸ்டூல்

எங்கள் தெருவில் எனக்குத் தள்ளுவண்டி என்று பட்டப்பேர். போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தத் தள்ளுவண்டி நின்றாலும் அதன் பக்கத்தில் நானும் நிற்பேன் என்பதால் வந்த பேர். வைத்தவர் வேறு யாருமில்லை, என் அப்பாதான். நகை, பட்டு என்று நான் ஆசைப்பட்டதில்லை. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்ச் சாமான்கள்தான் என் பைத்தியம். கேனிலிருந்து ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற கைப்பம்பு எங்கள் தெருவில் முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். அதற்கு முன்னால் பெண்கள் எல்லோரும் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, பாதி நாள் எண்ணெயை விழுங்கிவிட்டுத் துப்பிக்கொண்டு திரிந்தார்கள். சூடான சட்டியை முந்தானையால் பிடித்து இறக்கி விரலெல்லாம் கொப்புளமாகக் கிடந்த அம்மாவுக்கு ஓர் இடுக்கி வாங்கிக் கொடுத்தேன். இடுப்பு வலிக்காமல் கூட்டுவதற்கு நீளக் கம்பு வைத்த விளக்குமாறும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே யாருக்கு என்ன கஷ்டம், எந்தச் சாமான் வந்தால் அது தீரும் என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே சரிவில் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. வாரத்தில் நாலு நாள் மலை, மூன்று நாள் வீடு. ஜீப்பில் மெட்டு வரைக்கும் போய் அங்கிருந்து நடப்பார். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழையில், தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் நொறுங்கிப்போனது. கூலிக்காரர்கள் கம்பளியில் போட்டுத் தூக்கி ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். வைத்தியர் முட்டை வெள்ளையும் பச்சிலையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இரண்டு மாதம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், எலும்பு கூடியிருந்தது, முட்டிதான் மடங்கவில்லை. கால் கம்பாக நீட்டியபடியே நின்றுவிட்டது. தோட்டத்தைப் பங்காளி ஒருவரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா வீட்டோடு இருந்துகொண்டார்.

கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய சாப்பாடு குறைந்தது. நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. வாக்கப்பட்டதும் அடுத்த தெருவில்தான். காலையும் சாயங்காலமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நாலு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டுக்கு வந்தார், பிறகு ஒன்றுக்கு. ரசமா, மோரா, எதை ஊற்றப் போனாலும் கையைக் குறுக்கே வைத்து மறித்தார். செம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. உதட்டை நனைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு சட்டையை முட்டிக்கொண்டு நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். மலை ஏறிய மனுசன், வீட்டுக்குள் அடைந்தால் மனசு விட்டுப்போகாதா, தோட்டத்து ஏக்கம் ஆளைத் தின்கிறது என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவரும் வாசலில் நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்.

ஏக்கத்துக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது? இருந்தாலும் நான் விடவில்லை. கைப்பிடி வைத்த டம்ளர் வாங்கினேன். இலவம்பஞ்சுத் தலையணை வாங்கினேன். சிமெண்டுத் தரையில் கம்பு வழுக்கக் கூடாது என்று அடியில் மாட்டுகிற ரப்பர் குப்பி ஒன்றைத் தேடித் திரிந்து வாங்கினேன். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர்ப் பை வாங்கினேன். ஒவ்வொன்றையும் அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முன்பெல்லாம் கேலி செய்கிற ஆள், இப்போது “நல்லாருக்கு ஆத்தா” என்று மட்டும் சொல்லி ஜன்னல் திண்டில் வைத்துவிடுவார். ஜன்னல் நிறைந்ததே தவிர அவர் உடம்பில் ஒரு பிடி சதை ஏறவில்லை.

கடைவீதி டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டார். சொன்னால் கேட்பதில்லை என்று நான் புகார் வாசித்தேன். மலம் ஒழுங்காகப் போகிறதா என்று அடுத்துக் கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வெரசாக, “அதெல்லாம் போறாக” என்று சொல்லி முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பனுடைய அந்தப் பேச்சு மகள் காதில் விழலாமா என்ற கூச்சம். டாக்டர் ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் வாங்கி ஜன்னலில் வைத்தேன்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. கருவாட்டுக் குழம்பு அவருக்கு உயிர். வேலை மெனக்கெட்டு வைத்து எடுத்துப்போனேன். இரண்டு வாய் அள்ளிவிட்டுத் தட்டைத் தள்ளினார். என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது. “நீங்க இப்பிடித் தட்டத் தள்ளித் தள்ளி வச்சு யார் மானத்த வாங்குறீங்க? பெத்த மக சோறு போடாமக் கொன்னுட்டானு ஊரு பேசணும், அதான வேணும் உங்களுக்கு?” என்று கேட்டேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன், அதையும் சாப்பிட்டார். மோரை ஊற்றினேன், கை மறிக்கவில்லை. அதட்டி மிரட்டினால்தான் வழிக்கு வருகிறார் என்று பெருமையாகச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இட்லியோடு போனபோது வாசல் கதவு சாத்திக் கிடந்தது. எத்தனை தட்டியும் திறக்கவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே கக்கூஸ் கதவுக்கு வெளியே இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அப்பாவின் கால் நீட்டியபடி இருந்தது. வேட்டியெல்லாம் அசிங்கம். அம்மா ஒரு கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, அவர் தலையைத் தொடையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார்கள். அம்மா சத்தம் போட வாயெடுத்தபோதெல்லாம் அவர் வாயைப் பொத்தியிருக்கிறார். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து பார்த்துவிடக் கூடாதாம்.

“போயிரு ஆத்தா. நீ போயிரு” என்றார் அப்பா.

நான் போகவில்லை. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன், துடைத்தேன், வேட்டி மாற்றினேன், இழுத்துச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். முடியும் வரைக்கும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி முதுகைத் துடைத்தேன்.

அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போடக் கூட்டிப்போகும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கக்கூஸை அப்பாதான் பக்கத்தில் நின்று கட்டினார். செப்டிக் டேங்க்கு வைத்தது. தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் முதலில் வந்தது. ஆனால் தரையோடு பதித்த பீங்கான், குத்தவைத்துத்தான் உட்கார வேண்டும். மடங்காத காலோடு எப்படி உட்காருவார்? ஒரு காலை முன்னால் நீட்டிக்கொள்வார், அம்மா பின்னால் நின்று கக்கத்தில் கை கொடுத்து முழுப் பாரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கே அறுபது வயது. கை நடுங்குவது அவருக்குத் தெரியும். அதனால் நாலு நாளைக்கு ஒரு தடவை போனால் போதும் என்று வயிற்றைக் கட்டியிருக்கிறார். சாப்பிட்டால்தானே போக வேண்டும்? குடித்தால்தானே எழுந்திருக்க வேண்டும்? எட்டு மாதமாக மனுசன் கணக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். தோட்டமாவது, ஏக்கமாவது.

படுக்கையிலேயே மலத்துக்குத் தட்டு வைத்து எடுத்திருக்கலாமே என்றேன். கட்டுப் போட்டிருந்த இரண்டு மாதமும் அப்படித்தான் எடுத்தாளாம். எழுந்து நின்ற அன்றைக்கு, இனிமேல் செத்தாலும் அந்தத் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நடுரோட்டில் நின்று அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் செத்தா போய்விட்டேன் என்று கேட்டேன். அவள் முறிந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மக காதுல விழுந்தா நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாக. நீயுந்தான் வந்த, போன. ஏன் சாப்பிடலனுதான கேட்ட? எப்பிடிப் போறாகனு ஒரு நா கேட்டியா?”

அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. என் மேல் உள்ள கோபத்தில் பாதியை அவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். தலைப் பிரசவத்துக்கு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வார்டில் இருந்தது. அதில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அடியில் ஒரு பேசின் வைத்திருப்பார்கள். ஊரில் உள்ள சாமானெல்லாம் என் கண்ணில் பட்டது, நான் உட்கார்ந்து எழுந்த சாமான் ஒன்று மட்டும் எட்டு மாதமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றைக்கே மரக்கடைக்குப் போனேன். டீக்கடையில் போடுகிற மாதிரி ஒரு பலகை ஸ்டூல் வாங்கி, பக்கத்தில் இருந்த ஆசாரியிடம் நடுவில் வட்டமாக அறுக்கச் சொன்னேன். எதுக்கும்மா என்று கேட்டார். பூத்தொட்டி வைக்க என்று பொய் சொன்னேன். அரை மணி நேரத்து வேலை. அறுத்து, ஓரத்தை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் கொடுத்தார். ஒரு கிலோ ஏலக்காய் விற்கிற காசுக்கு அந்த மாதிரி எட்டு ஸ்டூல் வாங்கலாம். அப்பா ஏலக்காயை மூட்டை மூட்டையாக இறக்கிய ஆள்.

ஸ்டூலை அவர் கண்ணெதிரே எடுத்துப்போய்ப் பீங்கானுக்கு மேலே போட்டேன். மத்தியானம் அவர் கம்பை ஊன்றி எழுந்து தனியாகப் பின்கட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் அடுப்படியில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, “தண்ணி கொண்டா ஆத்தா” என்றார். செம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார், அதையும் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனுசனுக்கு எட்டு மாதத் தாகம்.

அதற்குப் பிறகு சாப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குக் கல்யாணமான பின் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் பேசியது அந்த நாட்களில்தான். ஸ்டூலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் மலையைப் பார்த்துக்கொண்டே, “ஆசாரி ஓரத்த நல்லா இழைச்சிருக்கான்” என்றார். ஆமாப்பா என்றேன். அத்தோடு சரி.

ஆனால் உடம்பு ஏற்கெனவே உள்ளுக்குள் காய்ந்துபோயிருந்தது. புரட்டாசி முடிவில் கால் இரண்டும் வீங்கின, பிறகு முகம். அதே டாக்டர் வந்து, கிட்னி போயிருச்சு, இவ்வளவு நாள் தண்ணி இல்லாம இருந்திருக்கக் கூடாது என்றார். மதுரைக்குக் கொண்டுபோகவா என்று கேட்டதற்கு, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஸ்டூல் வந்து எழுபது நாளுக்குள், ஐப்பசியில் ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்தபடியே அப்பா போய்ச் சேர்ந்தார்.

நான் ஓவென்று கத்தப் போனேன். அம்மா கட்டு அவிழ்த்த கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணில் அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இரு. அந்த ஸ்டூல எடுத்து ஒளிச்சுட்டு வா. ஆளுக வரப் போறாக.”

போனேன். கக்கூஸிலிருந்து ஸ்டூலைத் தூக்கி, விறகுக் கொட்டகையில் கட்டைகளுக்கு அடியில் தள்ளி, மேலே நாலு சாக்கைப் போட்டு மூடினேன். கையைக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். தெரு கூடிவிட்டது. தேவாரம் ஊரிலிருந்து சொந்தபந்தமெல்லாம் பஸ் பிடித்து வந்து இறங்கின. பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தோட்டத்து நெனப்புலயே போயிட்டீகளே, மலையப் பாத்துப் பாத்தே கரைஞ்சு போயிட்டீகளே என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். நானும் அதையே சொல்லி அழுதேன்.